6. பெட்டியை விட்டுப்போன பிசேர்னிட்சா

"அப்ப மழை ஆரின்ர பக்கம்? எங்கட பக்கமோ, கள்ளன்ர பக்கமோ?"

"எங்கட பக்கம்தான். யன்னலால பார். காலமையிலயிருந்து விட்டபாடில்லை."

"பாத்தன். ஆறே எழும்பி நடந்து வாற மாதிரிக் கிடக்கு. அதுக்கும் களவுக்கும் என்ன சம்பந்தம் மச்சாள்?"

"நீ ஒரு வயலினைக் களவெடுக்கிறாய் எண்டு வை."

"எனக்குப் பூட்டாத சைக்கிளையே களவெடுக்க வராது. சரி, எடுத்திட்டன்."

"வெளியில இந்த மழை. வயலின் பெட்டி பக்கத்திலயே கிடக்கு, கைபிடியும் இருக்கு. பெட்டியோட தூக்குவியோ, இல்லாட்டி வெறும் வயலினை நனைய நனையக் கொண்டு போவியோ?"

மேசையில் வாய் திறந்து கிடந்த சின்னக் கறுப்புப் பெட்டியைக் கஜீவன் குனிந்து பார்த்தான். உள்ளே சிவப்பு வெல்வெட்டில், யாரோ இப்போதுதான் எழும்பிப் போன படுக்கைபோல ஒரு பள்ளம் இருந்தது.

"பெட்டியோடதான்."

"அப்ப?"

"அப்ப கள்ளன் ஒரு விசரன். இல்லாட்டி..." அவன் குரலைத் தணித்தான். "சாமான் இந்தக் கட்டடத்தை விட்டு வெளியில போகவே இல்லை."

"அதுதான் சொன்னனான், மழை எங்கட பக்கம்."

சுமித்ரா பெட்டியை மூடினாள். சுவிஸின் எம்மன்புரூக்கேயில் பிறந்து, ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடிக்கும் வேலை பார்த்து, பிறகு அதே மூக்கை மூலதனமாகப் போட்டுச் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். கஜீவன் அவளுடைய மாமா மகன். நாற்பது வயது. ஒரு பல் ஆய்வுகூடத்துக்காக வான் ஓட்டி, சுவிஸ் முழுவதும் கட்டுப்பற்களை உரிய வாய்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன். பற்கள் இல்லாத நாட்களில் அவளுக்கு உதவியாளன். தன் வாய்க்கு மட்டும் எந்தக் கட்டும் இல்லை என்பதில் அவனுக்குப் பெருமை.

கதவோரம் மூன்றாவது ஆள் நின்றார். சோலோதுர்னின் இந்த மண்டபத்துக்கு அப்வார்ட், அதாவது கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர், தங்கராஜா. அவருடைய இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து அவர் மூச்சு விடும்போதெல்லாம் மெல்லச் சிணுங்கியது.

"தங்கச்சி, போலீஸ் வரமுந்தி கண்டுபிடிச்சிடுவியளோ?" என்றார். "ஆறு மணி மட்டும்தான் தவணை தந்திருக்கினம்."

"திரும்ப ஒருக்கா முதலிலயிருந்து சொல்லுங்கோ அண்ணை."

அவர் சொன்னார். குரோவேஷியாவின் ஒசியெக் நகரிலிருந்து ஐந்து பேர் கொண்ட இசைக்குழு ஒன்று வந்திருக்கிறது. அவர்கள் வாசிப்பது தம்புரா. நம்முடைய தம்புராபோல ஒரே சுருதியில் தவம் இருக்கிற சாதி இல்லை; துள்ளிக் குதிக்கிற சாதி. ஆளுயரப் பாட்டன் முதல் கைக்குழந்தை வரை அளவளவாய் ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தில் மிகச் சின்னதுக்குப் பெயர் பிசேர்னிட்சா. முழங்கை நீளம்தான் வரும். ஆனால் மெட்டை முன்னால் நின்று இழுத்துக்கொண்டு போவது அதுதான். இவர்களுடைய பிசேர்னிட்சா நூற்றாண்டைத் தாண்டிய கிழவி. கழுத்தெல்லாம் முத்துச்சிப்பி பதித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய் வந்தபோது, பூட்டிய இந்த அறையிலிருந்து அது காணாமல் போயிருந்தது.

"சாவி ஆரிட்ட?"

"குழுவிட்ட ஒண்டு. என்னட்ட ஒண்டு." தங்கராஜா நெஞ்சைத் தொட்டார். "அவையின்ர தலைவி மாண்டா, 'சாவி உள்ள யாரோ எடுத்திருக்கவேண்டும்' எண்டா. ஹெர் எஷ்லிமான் உடன என்னைப் பாத்தார். ஒண்டும் சொல்லேல்ல. பாத்தார், அவ்வளவுதான். பிறகு போலீசுக்கு அடிக்கவேணும் எண்டு போனை எடுத்தார். அந்த மனிசிதான் ஆறு மணி மட்டும் பொறுங்கோ எண்டு கெஞ்சினது."

எஷ்லிமான் ஊருக்கெல்லாம் கதவுப்பிடி செய்து விற்ற பழைய முதலாளி. இந்த மண்டபத்தை நடத்தும் அறக்கட்டளையின் தலைவர். குழுவின் பயணத்துக்குப் பேருந்து பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். வருகிற செவ்வாய்க்கிழமை நகரசபையில் தங்கராஜாவின் குடியுரிமை நேர்காணல். 'இவர் நம்பிக்கையான மனிதர்' என்று அங்கே வந்து சொல்ல ஒப்புக்கொண்டிருந்தவரும் அவரேதான்.

"இவ்வளவு வருசமா ஒரு குண்டூசி இடம் மாறினது இல்லை தங்கச்சி. குடை மறந்து போனவைக்குக்கூட வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்திருக்கிறன். போலீஸ் வந்து என்னை ஒரு கேள்வி கேட்டாலே செவ்வாய்க்கிழமை முடிஞ்சுது."

"எங்கயெல்லாம் தேடினீங்கள்?"

"எல்லா இடமும். மேல் மண்டபம், களஞ்சியம், கழிவறை, சூடாக்கி அறை. குப்பைத் தொட்டியையும் கவிட்டுக் கொட்டிப் பாத்திட்டன்."

"கீழ் மண்டபம்?"

தங்கராஜா அவளை விளங்காமல் பார்த்தார். "அங்க எங்கட ஆக்களெல்லோ? தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாணி விழா. அங்க ஏன் தேடுவான்?"

கஜீவன் சிரித்தான். "மச்சாள், அண்ணையை எஷ்லிமான் சந்தேகப்படுறார், அண்ணை எங்கட ஆக்களை மட்டும் சந்தேகப்படமாட்டாராம். கணக்குச் சமன்."

மூவரும் நடைவழியில் இறங்கினார்கள். சுவரில் குழுவின் சுவரொட்டி ஒட்டியிருந்தது. நடுவில் ஆளுயர வாத்தியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வாய்கொள்ளாச் சிரிப்போடு மாண்டா. பூப்போட்ட தலைத்துணியை உச்சிக்குப் பின்னால் தள்ளிக் கட்டியிருந்தாள்.

"என்ன நெத்தி மச்சாள்! ஹெலிகொப்ரரே இறக்கலாம்."

"கண்ணை மூடிக்கொண்டு நட."

"கண்ணை மூடினா விழுந்திடுவன். நீ என்னை வாயைத்தானே மூடச் சொல்லவேணும்?"

கீழ் மண்டபத்து வாசலில் சப்பாத்துகள் மலைபோல் குவிந்திருந்தன. அந்த மலைக்குக் காவலாகத் தில்லைநாயகி நின்றாள். பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கத் தலைவி. ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் வைத்த தட்டு. மறுகை எப்போதும் காற்றில், அடுத்த நெற்றிக்குத் தயாராக. சுமித்ரா வணக்கம் சொல்வதற்குள் அவள் நெற்றியில் குளிர்ச்சியாக ஒன்று விழுந்தது. கஜீவன் குனிந்து தப்பப் பார்த்தான். காதைப் பிடித்து நிமிர்த்தி அவனுக்கும் வைத்தாள்.

"என்ர குங்குமத்துக்குத் தப்பினவர் ஒருத்தர் இன்னும் பிறக்கேல்ல," என்றாள். "மட்டக்களப்பிலயிருந்து என்ர மருமகள் கொண்டந்தது. சவர்க்காரம் போட்டுத் தேய்ச்சாலும் ரோசாப்பூ நிறமாகுமே தவிரப் போகாது."

உள்ளே கும்பம், கொலு, ஊதுபத்திப் புகை, வரிசையில் நிற்க மறுக்கும் குழந்தைகள். சரஸ்வதி படத்துக்கு முன்னால் பிள்ளைகளுடைய வயலின்கள், ஒரு வீணை, மிருதங்கங்கள், ஒரு கீபோர்ட் எல்லாவற்றையும் பரப்பி, மேலே பச்சைக் காஞ்சிபுரம் சேலை ஒன்றை விரித்து மூடியிருந்தார்கள். சுமித்ரா சேலையின் ஓரத்தைக் கண்ணால் தடவிக்கொண்டு போனாள். விளக்குகளிலிருந்தும் சுவர்ச் சூடாக்கியிலிருந்தும் எட்டக் கிடந்த மூலையில், சரிகைக்கு வெளியே ஒரு மெல்லிய கழுத்து எட்டிப் பார்த்தது. முத்துச்சிப்பி மினுங்கியது.

அவள் குனிந்து கையை நீட்டினாள். கையில் ஒரு அடி விழுந்தது.

"தொடாத பிள்ளை!" தில்லைநாயகி எப்படி அவ்வளவு வேகத்தில் வாசலிலிருந்து வந்தாள் என்பது யாருக்கும் தெரியாது. "வைச்சது வைச்சதுதான். நாளைக்கு விஜயதசமி, காலமைப் பூசை முடிஞ்சாப் பிறகு மாஸ்டர் எடுத்துத் தருவார். அது மட்டும் ஒருத்தரும் தொடேலாது. என்ர பேத்தி, திங்கக்கிழமை சோதினை, வயலின் வேணுமெண்டு அழுதவள். குடுக்கேல்ல."

"அன்ரி, இது களவுபோன சாமான்."

"சரஸ்வதிக்கு முன்னால வைச்சாப் பிறகு அது பூசைச் சாமான்."

"ஆர் கொண்டந்து வைச்சது?"

"நான் வாசல்ல நிக்கிறன். நெத்தியைப் பாப்பனோ, கையைப் பாப்பனோ?"

"வெள்ளைக்காரர் ஆரும் வந்தவையோ?"

"வராமல்? பள்ளிக்கூட டீச்சர்மார், அயலட்டை, நகரசபையால வேற வந்தினம். வெள்ளைக்காரர் எல்லாம் எனக்கு ஒரே முகம் பிள்ளை. ஆனா ஒருத்தரையும் சும்மா விடேல்ல. எல்லாருக்கும் வைச்சுத்தான் அனுப்பினனான்."

சுமித்ரா தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் சிவப்பு ஒட்டியது. அவள் முகத்தில் வந்த சிரிப்பைக் கஜீவனுக்கு நன்றாகத் தெரியும். பொய்க் கோரிக்கை ஒன்று தானாக நடந்துவந்து மடியில் உட்காரும்போது வருவது அது.

"கஜன், நாங்கள் இனிக் கள்ளனைத் தேடத் தேவையில்லை. ஒரு நெத்தியைத் தேடினால் போதும்."

படியேறும்போது அவள் தங்கராஜாவிடம் கேட்டாள். "நாளைக்குக் காலமை மட்டும் தொடேலாது எண்ட கதை மேல இருக்கிற ஆக்களுக்குத் தெரியுமோ?"

"காலமை கோப்பி குடிக்கேக்க நான்தான் சொன்னனான். பிள்ளையள் ஏன் வயலினும் கையுமா வருகினம் எண்டு கேட்டினம். ஐஞ்சு பேரும் நல்லா ரசிச்சுக் கேட்டவை. அந்த ஸ்லாவ்கோ ரெண்டு தரம் சொல்லுவிச்சவர்."

"ஸ்லாவ்கோதானே பிசேர்னிட்சா வாசிக்கிறது?"

"ஓம். பாவம் மனிசன். இண்டைக்குக் கச்சேரி முடிய அதை மேடையில வைச்சு எஷ்லிமானுக்குக் குடுக்கப் போகினம். போன கிழமை எம்மன்புரூக்கேயில சபைக்கு முன்னால மைக்கைப் பிடிச்சு, 'இந்தச் சின்னதை எனக்கு ஞாபகமாகத் தருவீர்களா?' எண்டு எஷ்லிமான் கேட்டிட்டார். மாண்டாவும் ஓமெண்டிட்டா. அவர் நாளைக்கு விடிய முந்தியே பிளேன் ஏறிச் சிலியில இருக்கிற மகளிட்டப் போறார். வர அரை வருசம் செல்லும்."

கஜீவன் விரலைச் சொடுக்கினான். "அப்ப விளங்கிட்டுது. நாளைக்குக் காலமை மட்டும் ஒருத்தரும் தொடேலாது. நாளைக்குக் காலமை எஷ்லிமான் ஆகாசத்தில. பொஞ்சாதி மாதிரி வைச்சிருக்கிற பிசேர்னிட்சா ஸ்லாவ்கோவிட்டயே இருந்திடும். கெட்டிக்காரன்!"

மேல் மண்டபத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. வெள்ளை லினன் உடுப்பில், மாண்டா தன் ஆளுயர வாத்தியத்தை இடித்து இடித்து ஒரு வரி பாடினாள். மற்றவர்கள் அதே வரியைக் கூவித் திருப்பிப் பாடினார்கள். பிறகு அவள் இரண்டாவது வரியைப் பாடியதும் எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். ஸ்லாவ்கோ மட்டும் சிரிக்கவில்லை. வெறுங்கையோடு ஒரு கதிரையில், கறுப்புத் தொப்பியைப் புருவம்வரை இறக்கி, மழையில் நனைந்த காகம்போல் உட்கார்ந்திருந்தான்.

"என்ன பாட்டு இது?" என்று கஜீவன் ஜெர்மனில் அவனிடம் கேட்டான்.

"பெச்சாரட்ஸ். ஆளைக் கேலி செய்யும் பாட்டு. இரண்டே வரி. அந்தந்த இடத்தில் கட்டிப் பாடுவது."

"முதல் வரியை ஏன் எல்லாரும் திருப்பிப் பாடுகிறீர்கள்?"

"அவளுக்கு இரண்டாவது வரியை யோசிக்க நேரம் வேண்டாமா?" ஸ்லாவ்கோ அலுத்துக்கொண்டான். "அதற்குத்தானே நாங்கள்."

எஷ்லிமான் முன்வரிசையில், நடுவிரலால் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுமித்ரா மேடையேறினாள். வாசிப்பு நின்றது. இரண்டு ஆண்கள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், நெற்றிகள் சுத்தம். அக்கோடியன் வாசிக்கிறவன் மொட்டை. அவனுக்கு நெற்றி எங்கே முடிகிறது என்பதே தெரியவில்லை, ஆனால் அதுவும் சுத்தம்.

"ஹெர் ஸ்லாவ்கோ, தொப்பியை ஒரு நிமிடம் கழற்ற முடியுமா?"

"முடியாது."

"ஒரு நிமிடம்தான்."

"கச்சேரிக்கு முன் நான் தொப்பி கழற்றுவதில்லை. அது எனக்கு ராசி இல்லை." அவன் கழுத்துவரை சிவந்துபோனான்.

"கழற்றுங்கள்," என்றார் எஷ்லிமான். கதவுப்பிடியைத் திருகும் குரல் அது.

ஸ்லாவ்கோ கழற்றினான். நெற்றியில் சிவப்பு இல்லை. அதற்குப் பதிலாக, தலைமயிர் தொடங்கும் இடத்திலிருந்து புருவம்வரை நீலக் கறுப்பில் ஓர் ஆறு ஓடியிருந்தது, கிளை நதிகளோடு.

"மச்சாள்," கஜீவன் தமிழில் முணுமுணுத்தான், "இது பொட்டில்லை. பெயின்ற்."

"தலைச்சாயம்," என்றான் ஸ்லாவ்கோ நிலத்தைப் பார்த்து. "மழையில் ஒழுகிவிட்டது. இன்றிரவு என் பிசேர்னிட்சாவோடு, அவளோடு, கடைசியாகப் படம் எடுப்பதாக இருந்தது. எத்தனையோ கல்யாணங்களுக்கு இரண்டு பேரும் சேர்ந்து போயிருக்கிறோம். படத்தில் நான் மட்டும் கிழவனாகத் தெரியவேண்டாம் என்று..."

மொட்டைத் தலையன் தாங்கமாட்டாமல் ஒரு வரி எடுத்துவிட்டான். மற்ற இருவரும் அதைத் திருப்பிப் பாடினார்கள். ஸ்லாவ்கோவே அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டான். எஷ்லிமான்கூட வாயின் ஒரு மூலையைச் செலவழித்தார். பிறகு அந்த மூலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு, போனை வெளியே எடுத்தார்.

"போதும். இது சர்க்கஸ் இல்லை."

சாவிக்கொத்தின் சிணுங்கல் நின்றுவிட்டது. தங்கராஜா மூச்சுவிட மறந்து நின்றார்.

சுமித்ராவுக்குக் காது சூடாகியது. பிழையாய்ப் போன யூகம் வெறும் பிழை மட்டுமல்ல. அது இன்னொரு மனிதனின் தொப்பியையும் பறித்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவள், அப்படியே நின்றாள். மேடையில் சிரிக்காத ஒரு முகம் இருந்தது. முதல் ஆளாக இரண்டாவது வரியைக் கட்டியிருக்கவேண்டியவள், வாத்தியத்துக்குப் பின்னால் ஒதுங்கி, தலைத்துணியின் ஓரத்தை விரலால் கீழே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். பூப்போட்ட துணி புருவத்தில் இடித்துக்கொண்டு நின்றது.

ஹெலிகொப்டர் இறங்க இடமே இல்லை.

"ஃப்ராவ் மாண்டா," என்றாள் சுமித்ரா இனிமையாக. "இந்தத் தலைத்துணி முடிச்சை எனக்குக் காட்டித் தருவீர்களா? உடுப்பு மாற்றும் அறையில். ஹெர் எஷ்லிமான், ஐந்து நிமிடம். உங்கள் கடிகாரத்தில் ஆறு மணியாக இன்னும் அவ்வளவு இருக்கிறது."

அறைக் கதவைத் தங்கராஜா சாத்தினார். வெறும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, மாண்டா தானாகவே முடிச்சை அவிழ்த்தாள். அகன்ற நெற்றி. தேய்த்துத் தேய்த்துத் தோல் கன்றியிருந்தது. அதன் நடுவில், தில்லைநாயகி வாக்குக் கொடுத்த அதே ரோசாப்பூ நிறத்தில், வட்டமாக ஒரு பொட்டு.

"முகம் கழுவும் களிம்பு, எலுமிச்சை, ஸ்லாவ்கோவின் பிராந்தி, எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன்," என்றாள் மாண்டா.

"தில்லைநாயகி அன்ரியை ஒண்டும் வெல்லேலாது," என்றான் கஜீவன்.

"மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது, மழையங்கிக்குள் வைத்துக் கொண்டுபோனேன். பெட்டியோடு போனால் கேட்பார்களே. சூட்டில் மரம் வெடித்துவிடும் என்று பார்த்து, எட்டத்தில்தான் வைத்தேன்." அவள் தங்கராஜாவை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கள் காலையில் அந்த வழக்கத்தைச் சொன்னபோது எனக்கு வானம் திறந்ததுபோல் இருந்தது. ஒரே ஓர் இரவு. ஹெர் எஷ்லிமான் போய்விடுவார். ஒரு மண்டபமே கை தட்டும்போது மைக்கில் 'இல்லை' என்று சொல்ல யாரால் முடியும்? அன்றிலிருந்து ஸ்லாவ்கோ என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை."

"அதுக்கு நானோ கிடைச்சன்?" தங்கராஜாவுக்குத் தமிழ்தான் முதலில் வந்தது. பிறகு ஜெர்மனுக்கு மாறினார். "சாவி உள்ளவர் என்று சொன்னீர்களே. என்னைப் பார்த்து."

"உங்களைப் பார்க்கவில்லை. காணவில்லை என்று கத்தினேன். அது முதல் வரி. பூட்டு உடைந்திருக்கிறதா என்று அவர் கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் உங்களைப் பார்த்தார், போனை எடுத்தார்..." அவள் அவிழ்ந்த முடிச்சின் நுனியை விரலில் முறுக்கினாள். "ஆறு மணிவரை பொறுக்கச் சொன்னது, இரண்டாவது வரி வருமா என்று பார்க்கத்தான். வரவில்லை."

சுமித்ரா தமிழில் மெதுவாகச் சொன்னாள். "அண்ணை, உண்மையைச் சொன்னால் உங்களில ஒரு தூசியும் ஒட்டாது. நான் சாட்சி. அவவின்ர நெத்தி சாட்சி. ஆனா, இவதான் ஒளிச்சு வைச்சவ எண்டு எஷ்லிமான் அறிஞ்சால், அவவால அதைப் பிறகு குடுக்காமல் இருக்கேலாது. பிளேனைத் தள்ளிவைச்செண்டாலும் அவர் வாங்கிக்கொண்டு போவார்."

"அவரைச் சும்மா போய் எடுக்கச் சொல்லு," என்றான் கஜீவன். "அன்ரி அவருக்கும் ஒண்டு வைச்சு அனுப்புவா. சிலியில இறங்கேக்கையும் இருக்கும்." யாரும் சிரிக்கவில்லை. அவனும்தான்.

கதவு தட்டப்பட்டது. பதிலுக்குக் காத்திராமல் எஷ்லிமான் கைபிடியைத் திருகினார். கதவு திறப்பதற்குள் மாண்டா தலைத்துணியை நெற்றிக்கு இழுத்துவிட்டாள்.

"ஆறு மணி," என்றார். அவர் பார்வை நேராகத் தங்கராஜாவின் சாவிக்கொத்துக்குப் போனது. "கிடைத்ததா, இல்லையா?"

"கிடைத்துவிட்டது," என்றாள் சுமித்ரா. "பத்திரமாக இருக்கிறது. கீழ் மண்டபத்தில், பூசையில். நாளைக் காலைவரை அதைத் தொட முடியாது."

"அங்கே யார் கொண்டுபோய் வைத்தது?"

மேல் மண்டபத்தில் மற்றவர்கள் மறுபடி தொடங்கியிருந்தார்கள். தலைவி இல்லாமல் முதல் வரியை மட்டும் திருப்பித் திருப்பிப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் முடிவில் ஒரு சின்ன இடைவெளி விட்டு, யாரும் எடுத்துக் கொடுக்காததால் திரும்பவும் அதே வரி.

மாண்டா எழுந்து தங்கராஜாவின் அருகில் வந்தாள். அவள் பேசியது அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"பிள்ளைகளுடைய வாத்தியம் என்று நினைத்து நீங்களே தவறுதலாகக் கொண்டுபோய் வைத்துவிட்டதாக, ஒரு வரி. தயவுசெய்து, ஹெர் தங்கராஜா. ஒரே ஒரு வரி சொல்வீர்களா?"